வாக்கர், ஃபுல்லர், டக்கர்: ஒரே வேலைக்கு மூன்று குடும்பப் பெயர்கள்

வாக்கர் என்று ஒருவருக்குக் குடும்பப் பெயர் இருந்தால், அவருடைய முன்னோரில் யாரோ ஒருவர் நிறைய நடந்தவர், கடிதம் கொண்டுபோனவராகவோ காவல் சுற்றியவராகவோ இருந்திருப்பார் என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். ஃபுல்லர், டக்கர் என்ற பெயர்களைப் பார்த்தால் அப்படி ஊகிக்கக்கூட ஒன்றும் கிடைக்காது. ஆனால் இந்த மூன்று பெயர்களும் ஒரே வேலையைச் செய்தவர்களுக்கு வந்தவை. நெய்து முடித்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, காலால் மிதித்து, எண்ணெய்ப்பசையை எடுத்துக் கெட்டிப்படுத்துகிற வேலை. இங்கிலாந்தின் வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் அதைச் செய்தவர் வாக்கர், தென்கிழக்கில் செய்தவர் ஃபுல்லர், தென்மேற்கில் செய்தவர் டக்கர்.

ஒரு தொழிலின் பெயர் எப்படிக் குடும்பப் பெயராக உறைந்து போகிறது, அப்புறம் அது எப்படி ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு போகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் ஸ்மித்தைக் காட்ட மாட்டேன், இந்த மூன்றையும்தான் காட்டுவேன். கொல்லர் இல்லாத ஊரே கிடையாது, அதனால் ஸ்மித் எங்கே பார்த்தாலும் இருக்கிறார், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இடம் எது, காலம் எது என்று சொல்வது கஷ்டம். வாக்கரும் ஃபுல்லரும் டக்கரும் அப்படி இல்லை. அந்தப் பெயர் பிறந்தபோது அந்த ஊரில் என்ன பேச்சு பேசினார்கள் என்பதைக்கூடச் சொல்லிவிடும்.

முதலில் குடும்பப் பெயர் என்பதையே கொஞ்சம் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் நம்மில் பெரும்பாலோருக்கு அது கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறோம், அடுத்த தலைமுறையில் அந்த எழுத்து மாறிவிடும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘சர்நேம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் என்ன எழுதுவது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்காதவர்கள் குறைவு. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்தும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. ஆளுக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயர்களும் விதவிதமாக இருந்ததால் ஒரு ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருக்கிற சிக்கல் அதிகம் வரவில்லை.

1066இல் நார்மன்கள் பிரான்சிலிருந்து வந்து நாட்டைப் பிடித்தார்கள். அடுத்த சில தலைமுறைகளில் பழைய ஆங்கிலப் பெயர்கள் வழக்கொழிந்து, ஆண்டவர்கள் வைத்துக்கொண்ட பெயர்களையும் புனிதர்களின் பெயர்களையும் எல்லோரும் வைக்க ஆரம்பித்தார்கள். 14ஆம் நூற்றாண்டுக்கு வரும்போது ஜான், வில்லியம், தாமஸ், ரிச்சர்ட், ராபர்ட் என்ற ஐந்து பெயர்களுக்குள்ளேயே ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அடங்கிவிட்டார்கள். இதே காலத்தில் எழுத்து வேலையும் பெருகியது. நிலம் யாருடையது, வாடகை யார் தர வேண்டும், ஊர்ச் சண்டையில் அபராதம் யாருக்கு என்று பண்ணையார் நீதிமன்றங்களில் எல்லாவற்றையும் எழுதிவைத்தார்கள். ஊரில் எட்டு ஜான் இருந்தால் எந்த ஜான் என்று எழுத்தர் எப்படிக் குறிப்பார்? வில்லியம் மகன் ஜான், குன்றடி ஜான், குள்ள ஜான், துணி மிதிக்கும் ஜான். அப்பா பெயர், இடம், பட்டப்பெயர், தொழில் ஆகிய இந்த நாலு வழிகளில்தான் ஆங்கிலேயக் குடும்பப் பெயர்களில் மிகப் பெரும்பாலானவை வந்தன.

ஆரம்பத்தில் இது குடும்பப் பெயர் இல்லை, வெறும் அடையாளம். ‘ஜான் லே வாக்கர்’ என்று எழுதினால் ‘துணி மிதிக்கிற ஜான்’ என்றுதான் அர்த்தம். ‘லே’ என்பது பிரெஞ்சில் வரும் சுட்டுச்சொல், அக்கால எழுத்தர்கள் பிரெஞ்சும் லத்தீனும் கலந்து எழுதியவர்கள். மகன் தச்சு வேலைக்குப் போனால் அவன் ‘லே ரைட்’ ஆகிவிடுவான். ஒரு கட்டத்தில் இந்த வழக்கம் நின்று, மகன் என்ன வேலை செய்தாலும் அப்பாவின் அடைமொழியே அவனுக்கும் ஒட்டிக்கொண்டது. ‘லே’யும் உதிர்ந்துவிட்டது. இது எந்த அரசாணையாலும் ஒரே நாளில் நடக்கவில்லை. நிலம் வைத்திருந்த பெரிய குடும்பங்களில் முன்பே நடந்தது, சாதாரண மக்களிடம் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் மெல்லப் பரவியது, தெற்கில் சீக்கிரம், வடக்கில் கொஞ்சம் தாமதம்.

அந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதப்பட்ட ஆவணம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது என்பது பெரிய அதிர்ஷ்டம். 1377, 1379, 1381 ஆகிய மூன்று ஆண்டுகளில் இங்கிலாந்து அரசு தலைவரி போட்டது. வரி கொடுத்தவர்களின் பட்டியல்கள் பல மாவட்டங்களுக்கு இன்றும் இருக்கின்றன. வடக்கு இங்கிலாந்தின் யார்க்ஷயரின் 1379 பட்டியலில் பலருக்குப் பெயரோடு தொழிலையும் தனியாகக் குறித்திருக்கிறார்கள். சிலருக்குப் பெயரும் தொழிலும் ஒத்துப்போகிறது, சிலருக்கு ஒத்துப்போகவே இல்லை. ஒத்துப்போகாத அந்த ஆட்களிடம்தான் அடைமொழி குடும்பப் பெயராக மாறிவிட்டதைக் கண்ணால் பார்க்கிறோம். (இதே தலைவரிதான் 1381இல் பெரிய விவசாயிகள் கிளர்ச்சியைக் கிளப்பிவிட்டது. அதற்குத் தலைமை தாங்கிய வாட் டைலரின் பெயரும் தொழிற்பெயர்தான், டைலர் என்றால் கூரைக்கு ஓடு வேய்பவர்.)

சரி, வேலைக்கு வருவோம். துணியை ஏன் மிதிக்க வேண்டும்?

பருத்தித் துணியிலேயே வாழ்ந்து பழகிய நமக்கு இது உடனே பிடிபடாது. பருத்தியைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தால் அது துணி. கம்பளி அப்படி இல்லை. ஆட்டு மயிரில் இயற்கையாகவே கொழுப்பு உண்டு, நூற்கும்போது வழுக்கிக்கொண்டு வர வேண்டும் என்பதற்காக மேலும் எண்ணெயோ வெண்ணெயோ தடவுவார்கள். தறியிலிருந்து வரும் கம்பளித் துணி பிசுபிசுப்பாகவும், பாவும் ஊடையும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி தளர்வாகவும் இருக்கும், காற்றும் மழையும் உள்ளே வரும். குளிர் நாட்டில் அதை உடுத்திக்கொண்டு பிழைக்க முடியாது. ஆனால் கம்பளி இழைக்கு ஒரு குணம் உண்டு, அதன் மேல்பரப்பில் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. ஈரமும் சூடும் அழுத்தமும் சேரும்போது அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு திரும்பப் பிரியாது. கம்பளி ஸ்வெட்டரைத் தெரியாமல் வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டுவிட்டு, குழந்தைச் சட்டை அளவுக்குத் தடித்துச் சுருங்கி வெளியே எடுத்தவர்களுக்கு இது தெரியும். அந்த விபத்தைத்தான் இவர்கள் வேண்டுமென்றே, அளவோடு, தொழிலாகச் செய்தார்கள்.

ஆள் இறங்கி நிற்கிற அளவுக்குத் தொட்டி. அதில் துணி. அதன்மேல் பழைய சிறுநீர், ஊர் வீடுகளிலிருந்து சேகரித்து நாள்பட வைத்தது. நாள்பட்ட சிறுநீரில் அம்மோனியா சேர்ந்துவிடும், அது கொழுப்பைக் கழற்றும். இதில் முழங்கால் வரை நனைந்துகொண்டு மணிக்கணக்கில் மிதிப்பார்கள், நயமான துணிக்கு நாள்கணக்கில். அடுத்து ஒருவகைக் களிமண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். மிச்சம் இருக்கிற எண்ணெய்ப்பசையை அது உறிஞ்சிக்கொள்ளும். அந்த மண்ணுக்கு ஆங்கிலத்தில் ‘ஃபுல்லர்ஸ் எர்த்’, அதாவது ஃபுல்லரின் மண் என்று பெயர். முகத்தில் வழியும் எண்ணெய்க்காக நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாக வாங்குகிற முல்தானி மெட்டி இதே வகை மண்தான், டப்பாவின் மேல் ஆங்கிலத்தில் அந்தப் பெயரையே போட்டிருப்பார்கள். இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து நட்ஃபீல்ட் பக்கம் இதை வெட்டி எடுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் இந்த மண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பவே சட்டம் போட்டுத் தடுத்திருந்தார்கள் என்றால், கம்பளி வியாபாரத்துக்கு இது எவ்வளவு முக்கியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மிதித்து முடித்ததும் துணியின் அளவில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்திருக்கும், சில ரகங்களில் அதற்கும் மேல். அலசி, வெளியே வயல்வெளியில் நீளமாக நட்ட மரச்சட்டங்களில் வரிசையான கொக்கிகளில் மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். பிறகு முள் நிறைந்த உலர்ந்த பூத்தலைகளால் வாரி மயிரை எழுப்பி, ஆளுயரத்தில் பாதி இருக்கும் கத்தரியால் ஒரே மட்டமாகக் கத்தரிப்பார்கள். அந்தக் கத்தரிக்கும் வேலையைச் செய்தவர் ஷியர்மன், அதுதான் ஷெர்மன் என்ற குடும்பப் பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஜெனரல் ஷெர்மனுடைய குடும்பம் எசெக்ஸ் மாவட்டத்தின் டெடம் என்ற நெசவு ஊரிலிருந்து போனது. அந்த ஊரில் அவர்கள் பல தலைமுறையாகத் துணி வணிகர்கள். பெயரும் பிழைப்பும் இவ்வளவு பக்கத்திலேயே இருந்த குடும்பங்கள் அபூர்வம்.

இந்த வேலை ஆங்கிலேயர் கண்டுபிடித்தது இல்லை. ரோமானியர்கள் இதைச் செய்தார்கள், பாம்பெய் நகரின் இடிபாடுகளில் தொட்டியில் நின்று துணி மிதிப்பவர்களின் சுவரோவியமே கிடைத்திருக்கிறது. லத்தீனில் அந்தத் தொழிலாளிக்கு ‘ஃபுல்லோ’ என்று பெயர். ஃபுல்லர் அங்கிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் நுழைந்துவிட்டது, நார்மன் பிரெஞ்சு அதற்கு மேலும் பலம் கொடுத்தது. பிரான்சுக்கு நேர் எதிரே இருக்கிற கென்ட், சசெக்ஸ், சர்ரே, அதற்கு மேலே சஃபோக், நார்ஃபோக் பக்கமெல்லாம் இதுதான் வழக்குச் சொல்லாக நின்றது.

வடக்கில் ஜெர்மானிய வேர் கொண்ட பழைய சொல்லே நீடித்தது. ‘வீல்கன்’ என்ற பழைய ஆங்கில வினைக்கு உருட்டுவது, புரட்டுவது என்று பொருள். ஜெர்மன் மொழியில் ‘வால்கன்’ என்றால் இன்றும் கம்பளியை அடித்துக் கெட்டிப்படுத்துவதுதான். நடப்பது என்ற பொருள் ஆங்கிலத்தில் பின்னால்தான் வந்து, மற்ற பொருளையெல்லாம் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. ஆகவே, தொட்டிக்குள் நடந்ததால் வாக்கர் என்று பல இடங்களில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல் முதலில் துணியைப் புரட்டியதைத்தான் குறித்தது. டக்கர் வந்த ‘டூக்கியன்’ என்ற வினைக்கு வதைப்பது என்று பொருள். அடித்து, மிதித்து, இழுத்துத் துணியை என்ன பாடு படுத்தினார்கள் என்று நினைத்தால் இது பொருத்தமாகத்தான் படுகிறது. டெவன், சாமர்செட், டார்செட் பகுதிகளில் இந்தச் சொல்தான். டெவனின் எக்சிட்டர் நகரில் 1471இல் கட்டிய ‘டக்கர்ஸ் ஹால்’ இன்றும் நிற்கிறது, நெசவாளர்களும் டக்கர்களும் கத்தரிப்பவர்களும் சேர்ந்து வைத்திருந்த சங்கத்தின் மண்டபம் அது.

இப்போது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பெயர்கள் உறைந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் அந்த வேலை மனிதக் காலைவிட்டு ஆற்றங்கரை ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சக்கரம் சுழலும், அதன் அச்சில் உள்ள கட்டைகள் கனமான மரச் சம்மட்டிகளைத் தூக்கித் தூக்கிப் போடும், அவை தொட்டியில் கிடக்கும் துணியை இடிக்கும். இங்கிலாந்தில் இத்தகைய ஆலைகளின் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று 1185இல் டெம்ப்ளர்கள் என்ற கிறிஸ்தவப் போர்வீரர் அமைப்பு எடுத்த சொத்துக் கணக்கில் வருகிறது. அடுத்த நூறு வருடத்தில் வேகமாக நீர் ஓடுகிற மலையடிவாரங்களில் எல்லாம் ஆலைகள் முளைத்தன. எலினோரா கேரஸ்-வில்சன் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் 1941இல் எழுதிய கட்டுரையில் இதை 13ஆம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி என்றே அழைத்தார். சமவெளியில் இருந்த பழைய நெசவு நகரங்கள் நலிந்து, வடக்கு, மேற்கு மலைப்பகுதிகளுக்குத் துணித்தொழில் நகர்ந்ததற்கு இந்த ஆலைகளே காரணம் என்றார். பின்னால் வந்தவர்கள் காரணம் இது ஒன்று மட்டும்தானா என்று வாதாடியிருக்கிறார்கள். ஆலைகள் பெருகின என்பதில் சண்டை இல்லை.

ஆலை கட்டியவர்கள் பெரும்பாலும் நிலப்பிரபுக்களும் மடங்களும். கட்டியபின் ஊரார் தங்கள் துணியை அங்கேதான் கொண்டுவர வேண்டும், கட்டணம் தர வேண்டும் என்று நிர்ப்பந்தித்தார்கள். செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் மக்கள் மடாதிபதியின் ஆலைக்குப் போக மறுத்து வீட்டிலேயே துணி மிதித்தார்கள். 1274இல் அது பெரிய தகராறாகி, ராணியிடம் முறையிடுகிற வரை போனது. தன் காலால் தன் வீட்டில் செய்துகொண்ட வேலைக்கு இனி இன்னொருவருக்குக் காசு கட்ட வேண்டும் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது.

ஆக, வாக்கர் என்ற பெயரைப் பிள்ளைகளுக்கு விட்டுப்போன முதல் தலைமுறைகளில் ஒரு பகுதியினர் தொட்டியில் இறங்கியவர்கள், இன்னொரு பகுதியினர் ஆலையில் சம்மட்டிக்குக் கீழே துணியைத் திருப்பிப் போட்டவர்கள். கையால் காலால் செய்யும் முறை முழுக்க அழிந்துவிடவும் இல்லை. ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நனைந்த கம்பளித் துணியை மேசையில் அடித்து அடித்துக் கைமாற்றிக்கொண்டே தாளத்துக்குப் பாடுவார்கள், அந்தப் பாட்டுகளை 20ஆம் நூற்றாண்டில் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். வேல்ஸில் இந்த ஆலைக்குப் ‘பாண்டி’ என்று பெயர். டோனிபாண்டி என்ற ஊரின் பெயரில் அது இருக்கிறது. ஆனால் வேல்ஸில் அப்பா பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கமே நீண்ட நாள் இருந்ததால், அங்கே ஆலை ஊர்ப்பெயரானதே தவிர, பெரிய அளவில் குடும்பப் பெயர் ஆகவில்லை. தொழில் இருந்தால் மட்டும் குடும்பப் பெயர் வந்துவிடாது, பெயர் வைக்கும் முறையும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

பரவல் எப்படி நடந்தது? முதல் சில நூற்றாண்டுகளில் பெரிதாக எதுவும் இல்லை என்பதுதான் ஆச்சரியம். 1538இல் அரசர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் உத்தரவால் ஒவ்வொரு தேவாலயத்திலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் பதிய ஆரம்பித்தபின் பெயர்கள் இன்னும் இறுகின. மக்கள் பெரும்பாலும் பக்கத்து ஊர்களுக்குள்ளேயே பெண் எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். அதனால் ரயிலும் தொழிற்சாலையும் வந்தபிறகு எடுத்த 1881 மக்கள்தொகைக் கணக்கிலும் யார்க்ஷயர், லங்காஷயர், டர்பிஷயர் பக்கம் வாக்கர்களும், கிழக்கு, தென்கிழக்கில் ஃபுல்லர்களும், டெவன், சாமர்செட்டில் டக்கர்களும் அடர்த்தியாக இருந்தார்கள். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய வட்டார வழக்கு அந்தப் பட்டியலில் அப்படியே பதிந்து கிடந்தது.

கடல் கடந்ததும் இந்த வரைபடம் கலைந்தது. 1620இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா போன 102 பேரில் எட்வர்ட் ஃபுல்லர், சாமுவேல் ஃபுல்லர் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். நார்ஃபோக் மாவட்டத்தின் ரெடன்ஹால் ஊர்க்காரர்கள், அதாவது ஃபுல்லர் என்ற பெயருக்கே உரிய பகுதி. அவர்களுடைய அப்பா கசாப்புக் கடைக்காரர். பெயர் தொழிலை விட்டு எவ்வளவு தூரம் விலகிவிட்டது பாருங்கள். சாமுவேல் அதற்கு முன் நெதர்லாந்தின் லைடன் நகரில் மெல்லிய கம்பளித் துணி நெய்து பிழைத்தவர், புது ஊரில் எல்லோருக்கும் வைத்தியர் ஆனார். எட்வர்டும் மனைவியும் அந்த முதல் குளிர்காலத்திலேயே இறந்துவிட்டார்கள், கூட வந்த மகன் மட்டும் பிழைத்தான். டக்கர்களில் ஒருவரான டேனியல் டக்கர் 1616இல் பெர்முடா தீவின் ஆளுநராகப் போனார், அங்கே டக்கர்ஸ் டவுன் என்ற ஊர் இன்னும் இருக்கிறது.

ஸ்காட்லாந்தில் வேறொரு வழியிலும் வாக்கர்கள் பெருகினார்கள். கேலிக் மொழி பேசிய மலைநாட்டில் ‘மாக் அன் ஊக்கதார்’ என்ற பெயர் இருந்தது, துணி மிதிப்பவரின் மகன் என்று பொருள். ஆங்கிலம் ஏறி வந்தபோது அந்தக் குடும்பங்களில் பலர் வாக்கர் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆகவே ஒரு ஸ்காட்லாந்து வாக்கரின் முன்னோர் ‘வாக்’ என்ற சொல்லையே வாயால் சொல்லாதவராக இருந்திருக்கலாம். உலகம் முழுக்கத் தெரிந்த ஜானி வாக்கர் என்பவர் 1820இல் கில்மார்னாக் ஊரில் மளிகைக் கடை வைத்த ஜான் வாக்கர்தான். இன்னொரு ஸ்காட்லாந்து ஜான் வாக்கர் 1854இல் கண்டியில் கோப்பித் தோட்டங்களுக்கு இயந்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினார், அது பின்னால் கொழும்பில் வாக்கர் சன்ஸ் என்ற பெரிய பொறியியல் நிறுவனமாக வளர்ந்தது. தமிழகத்திலிருந்து போன தொழிலாளர்கள் பறித்த கோப்பியும் தேயிலையும் அந்த மாதிரிப் பட்டறைகளின் இயந்திரங்களில்தான் பதமானது.

பரவியது இரத்த வழியாக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2010 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் வாக்கர் என்ற பெயர் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இருந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பின மக்கள். அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள். அடிமைகளாக இருந்தவரை அவர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு என்பதையே ஆவணங்கள் பெரும்பாலும் மதிக்கவில்லை. வர்ஜீனியாவின் 1625ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கேப்டன் வில்லியம் டக்கர் வீட்டில் ஆண்டனி, இசபெல், அவர்களுடைய ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வில்லியம் என்று மூன்று கறுப்பினத்தவர் வருகிறார்கள், வெறும் முதற்பெயரோடு. அந்தக் குழந்தையை வில்லியம் டக்கர் என்று பின்னால் வந்தவர்கள்தான் அழைத்தார்கள், வீட்டுக்காரரின் பெயர் முழுசாக அந்தப் பிள்ளைமேல் விழுந்தது. 1865இல் அடிமை முறை ஒழிந்தபின் சிலர் பழைய எஜமானின் பெயரை வைத்துக்கொண்டார்கள், சிலர் அதற்கும் முந்தைய எஜமானின் பெயரை, சிலர் தாங்களே விரும்பித் தேர்ந்த பெயரை. 1870 கணக்கெடுப்பில்தான் அவர்களில் மிகப் பெரும்பாலோர் முதன்முதலாக முழுப் பெயரோடு பதிவானார்கள். அங்கே வாக்கர், ஃபுல்லர், டக்கர் என்ற பெயர்கள் யார்க்ஷயர் ஓடைகளையோ டெவன் ஆலைகளையோ சுட்டுவதில்லை, யார் யாரைச் சொத்தாக வைத்திருந்தார்கள் என்பதையே பல நேரம் சுட்டுகின்றன. திருமணம் இன்னொரு வழி. கூந்தல் தைலத் தொழிலில் பெரும் செல்வம் ஈட்டிய மேடம் சி. ஜே. வாக்கர் 1867இல் பிறந்தபோது சாரா பிரீட்லவ், வாக்கர் என்பது கணவர் வழியில் வந்தது.

இதெல்லாம் தெரிந்தபின் ஒரு வாக்கரைச் சந்தித்தால், உங்கள் முன்னோர் துணி மிதித்தவர் என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். ஒரே எழுத்துக்கூட்டில் வேறு வேர்கள் வந்து கலந்திருக்கும். அயர்லாந்து டக்கர்களில் ஒரு பகுதியினர் ‘ஓ துவாஹெர்’ என்ற ஐரிஷ் பெயரை ஆங்கிலப்படுத்திக்கொண்டவர்கள், அவர்களுக்கும் கம்பளிக்கும் சம்பந்தம் இல்லை. ஜெர்மனியிலிருந்து போன டூகர்களும் அமெரிக்காவில் டக்கர் ஆனார்கள், அவர்கள் துணிக்காரர்கள்தான், மிதித்தவர்கள் இல்லை.

எல்லா வாக்கர்களும் ஒரே வம்சம் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். ஆலை இருந்த ஒவ்வொரு ஊரிலும் அந்தப் பெயர் தனித்தனியாகப் பிறந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் தந்தை வழியாகவே இறங்கும் ஒய் குரோமோசோமை வைத்து இதைச் சோதித்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஸ்மித் என்ற பெயருள்ள இரண்டு ஆண்களை எடுத்தால், தெருவில் போகிற யாரோ இருவரிடம் எவ்வளவு ஒற்றுமை இருக்குமோ அவ்வளவுதான் அவர்களிடமும் இருந்தது. அட்டன்பரோ போன்ற அபூர்வமான இடப்பெயர்களில் பெரும்பாலோர் ஒரே மூதாதையிடம் போய்ச் சேர்ந்தார்கள். வாக்கர் ஸ்மித்தின் பக்கம் நிற்கிற பெயர்.

இந்தக் கண்ணோடு மற்ற பெயர்களையும் பார்க்கலாம். நெசவாளர் தெற்கில் வெப், டெவன் பக்கம் வெபர், வடக்கில் வெப்ஸ்டர். சாயம் தோய்ப்பவர் தென்மேற்கில் டையர், யார்க்ஷயரில் லிஸ்டர். வெப்ஸ்டரின் கடைசியில் வருகிற ‘ஸ்டர்’ முதலில் பெண்ணைக் குறித்த விகுதி. ரொட்டி சுட்ட பேக்ஸ்டர், பீர் காய்ச்சிய ப்ரூஸ்டர் பெயர்களிலும் அதுவே. பின்னால் அது ஆண்களுக்கும் பொதுவாகிவிட்டது என்றாலும், இந்த வேலைகளை ஆரம்பத்தில் யார் செய்துகொண்டிருந்தார்கள் என்பது அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது.